கிளிப்பச்சைச் சட்டையும் குத்துப்பாட்டும்

துணிக்கடை வாசலில் தொங்கிய கிளிப்பச்சைச் சட்டையை யாருமே சீந்தவில்லை. இன்றும் விலைபோகாவிட்டால் நாளைக்குத் தள்ளுபடிக் குவியலில்தான் கிடக்க வேண்டும்.

“மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காதே தம்பி, அண்ணன் பார்த்துக்கிறேன்” என்ற ஸ்பீக்கர், கடை விளம்பரத்தோடு ஊரே முணுமுணுக்கும் குத்துப்பாட்டை அலறவிட்டது.

“நீ கத்துற கத்தலுக்கு வர்றவனும் ஓடிடுவான்!” என்று சட்டை சீறியது.

எங்கே ஓடினான்? ஒருவன் ஆடிக்கொண்டே வந்தான். ஆடிக்கொண்டே சட்டையை வாங்கிப் போனான்.

வீட்டில் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றான். பாட்டு இல்லை. “ஐயையோ, இதையா வாங்கினேன்?” என்று பட்டனைக் கழற்றினான். சட்டைக்கு உயிரே போய்விட்டது.

அந்த நேரம் பார்த்து அவன் போன் அடித்தது. அதே பாட்டு! இடுப்பு தானாக ஆட, கழற்றிய பட்டனை மறுபடி மாட்டினான்.

“ராசா, போனை மட்டும் எடுத்துடாதே!” என்று சட்டை கெஞ்சியது.

ஆடுகிற ஆட்டத்தில் அவன் எடுக்கவேயில்லை.