பராமரிப்பு நேரம்

"மணி ஒண்ணு இருபத்தெட்டு. ரெண்டு மணிக்குப் படிவத்தை மூடிடுவாங்க. இந்த மெஷின் இன்னும் வாயைத் திறக்கல" என்றாள் சின்னவள்.

அப்பா எட்டிப் பார்த்தார். கல்லூரியின் இணையப் பக்கத்தில், 'தானியங்கி வழிகாட்டி' என்ற பெயருக்குக் கீழே ஒரு வரி நின்றது. 'தினமும் ஒன்று முதல் ஒன்றரை வரை பராமரிப்பு. பொறுத்தருள்க.'

அவர் லிஃப்ட் மெக்கானிக். இருபத்தாறு வருஷமாகப் பராமரிப்புதான் பிழைப்பு. "ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாப் பார்த்துத்தான் பராமரிப்பு பண்ணணும். இத்தனை பேர் காத்துக்கிட்டு நிக்கிறப்போ எவன் கதவைச் சாத்துவான்? தொழில் தெரியாதவன்."

"லிஃப்ட் வேற, இது வேறப்பா."

"எல்லா மெஷினும் மெஷின்தான்."

காலையிலிருந்து இதே வழக்கு. சின்னவளுக்கு ஆங்கில இலக்கியத்தில் இடம் கிடைத்துவிட்டது. கூடவே ஒரு துணைப்பாடம் எடுத்தாக வேண்டும். ஒருமுறை அனுப்பிவிட்டால் மூன்று வருஷத்துக்கு மாற்ற முடியாது. அவளுக்குத் தத்துவம் வேண்டும், அப்பாவுக்குக் கம்ப்யூட்டர். கல்லூரிக்குப் போன் செய்தால், வழிகாட்டியைக் கேளுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார்கள்.

"லிஃப்ட்டுல மாட்டிக்கிட்டவன் மணியை அடிப்பானா, தத்துவம் பேசுவானா?" என்றார் அப்பா.

"ரெண்டும் பண்ணுவான்ப்பா. நீங்க வந்து சேர அவ்வளவு நேரம் ஆகுதே."

அப்பா சிரிக்கவில்லை. "நான் விளையாட்டுக்குச் சொல்லலம்மா."

"அக்காவும் இங்கிலீஷும் தத்துவமும்தானே படிச்சா. அவளுக்கு வேலை கிடைக்கலையா?"

"கிடைச்சுது. ரெண்டு வருஷம் வீட்டுல உக்காந்து விட்டத்தைப் பார்த்ததுக்கு அப்புறம்."

"இப்போ பெரிய கம்பெனியில இருக்காளே."

பெரியவள் அந்தக் கம்பெனியில் என்ன செய்கிறாள் என்று அப்பாவுக்குச் சரியாகத் தெரியாது. கேட்டால், "ஆலோசனை சொல்ற வேலைப்பா" என்பாள். ஒருநாள் ஆபீஸைப் பார்க்க வரட்டுமா என்று கேட்டதற்கு, வேண்டாம் என்றுவிட்டாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியைக் கண்மேல் போட்டுக்கொண்டு, விரல்களை ஒவ்வொன்றாக நீவியபடி படுத்துவிடுவாள். முன்பெல்லாம் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "அடியே சோடாபுட்டி" என்று தங்கையை வம்புக்கு இழுப்பாள். சின்னவள் மூக்குக்கண்ணாடி போட்ட ஆறு வயதிலிருந்து அக்கா மட்டும் கூப்பிடுகிற பெயர் அது. இப்போது அதற்குக்கூட அவளுக்குத் தெம்பில்லை. பார்க்கவே பாவமாக இருக்கும்.

சரியாக ஒன்றரைக்கு மெஷின் கண் விழித்தது. 'வணக்கம். தங்கள் விண்ணப்ப எண்ணை அளிக்கவும்.'

சின்னவள் எண்ணைத் தட்டினாள். திரையில் மூன்று புள்ளிகள் ஓடின, நின்றன, மறுபடி ஓடின. ஒரு எண்ணைத் தேட இவ்வளவு நேரமா என்று அப்பா முணுமுணுத்தார்.

'தங்கள் வினாவைக் கேட்கலாம்.'

ஆங்கிலத்தோடு தத்துவம் எடுத்தால் என்ன வேலை கிடைக்கும் என்று கேட்டாள். 'தத்துவம் சிந்தனைத் திறனை வளர்க்கும். ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர், பதிப்பாசிரியர் முதலிய பல வாய்ப்புகள் உள்ளன' என்று வந்தது.

"எத்தனை பேருக்கு வேலை கிடைச்சுதுன்னு கேளு" என்றார் அப்பா.

கேட்டாள். 'அத்தகவல் என்னிடம் இல்லை.'

"வீட்டுத் தரகர் மாதிரியே பேசுது. காத்து நல்லா வரும்பான், ஜன்னல் இருக்கான்னு கேட்டா காதுல விழாது." அப்பா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பேசிப் பேசி அலுத்துப் போயிருந்தது அவருக்கு. "உன் இஷ்டம்மா. நான் போய் டீ போடறேன். நாளைக்கு என்னைக் குத்தம் சொல்லாத, அவ்வளவுதான்."

ஜெயித்தும் சின்னவளுக்குச் சந்தோஷமாக இல்லை. மணி ஒன்று ஐம்பது. படிவத்தில் தத்துவம் என்ற கட்டத்தில் குறியிட்டாள். மெஷின்தானே, யாரிடம் போய்ச் சொல்லிவிடப் போகிறது என்ற தைரியத்தில், மனதில் இருந்ததை அதனிடமே கொட்டினாள்.

'என் அக்காவும் இதேதான் படிச்சா. நல்ல வேலையில இருக்கா. எனக்கும் அவள மாதிரியே ஆகணும். அதனால தத்துவமே அனுப்பப் போறேன். நன்றி.'

புள்ளிகள் ஓடின. சமையலறையில் அப்பா டீத்தூள் டப்பாவைத் தேடி உருட்டிக்கொண்டிருந்தார். புள்ளிகள் நின்றன, மறுபடி ஓடின.

'அப்பா அருகில் இருக்கிறாரா?'

சின்னவள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இன்னொரு முறை படித்தாள். அப்பாவைப் பற்றி அவள் ஒரு வார்த்தைகூட எழுதியிருக்கவில்லை. விண்ணப்பத்தில் அவர் பெயர் இருக்கிறதே, அதைப் பார்த்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். 'இல்லை, உள்ளே இருக்கிறார்' என்று தட்டினாள்.

ஒன்று ஐம்பத்தாறு. இனியும் காத்திருந்தால் கதவைச் சாத்திவிடுவார்கள். 'அனுப்பு' என்ற பொத்தானுக்கு அவள் விரலைக் கொண்டுபோனபோது அடுத்த வரி வந்தது.

'கம்ப்யூட்டரையே போடுடி சோடாபுட்டி, அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாத.'