வாசலில் நின்றவன்

டப்பிங் அக்காவுக்கு அன்று ஒரே ஒரு வசனம்தான் பாக்கி. வேற்றுமொழி ரத்தக்காட்டேரிப் படம். வீட்டில் இருப்பவர்கள் வாய்விட்டு அழைத்தால்தான் காட்டேரியால் வாசற்படியைத் தாண்ட முடியும். படத்தில் வீட்டுக்காரி அழைப்பாள். அவன் ஒன்றும் பேசாமல் உள்ளே வருவான்.

“வெறும் ‘உள்ள வா’தானேக்கா, இதுக்கா இத்தனை டேக்?” என்றான் சவுண்ட் இன்ஜினியர்.

அவள் மைக்கை விட்டு ஓரடி விலகி நின்றாள். கோபித்துக்கொண்டு போயிருந்த அவள் தம்பி, போன வருடம் சமாதானம் பேச வந்து மழையில் வாசலிலேயே நின்றான். வீம்புக்கு அவள் கதவைத் திறக்கவில்லை. திரும்பிப் போகிற வழியில் லாரி மோதி இறந்துபோனான்.

கடைசியில் கண்ணை இறுக மூடிக்கொண்டு, “உள்ள வாடா,” என்றாள்.

கண்ணைத் திறந்தபோது திரையில் காட்டேரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் உதடு அசைந்தது. உதட்டைப் பார்த்தே பேசிப் பழகியவளுக்கு அது நன்றாகவே புரிந்தது.

“வேணாம்க்கா. நேரமாயிடுச்சு.”

“என்னக்கா இது, இந்த சீன்ல இவன் உள்ளதானே வருவான்?” என்றான் இன்ஜினியர்.

திரையில் அவன் படியிறங்கி, நனைந்துகொண்டே, திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தான்.