பெரிய வியாழன் துண்டு

மாதா கோயில் அலமாரியில் பித்தளைத் தாம்பாளத்துக்குப் பக்கத்தில் ஒரு புது வெள்ளைத் துண்டு வந்து சேர்ந்தது. இயேசு தம் சீடர்களின் கால்களைக் கழுவியதை நினைவுகூரும் பெரிய வியாழனன்று சாமியார் பன்னிரண்டு பேருடைய பாதங்களைக் கழுவித் துடைப்பதற்காக அதை வாங்கியிருந்தார்கள்.

“அண்ணே, கறை பட்டா அப்புறம் என்னை எடுக்கவே மாட்டாங்களாமே?” என்று துண்டு கேட்டது.

“பயப்படாதே தம்பி. எல்லாரும் வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்ச்சிட்டுத்தான் வருவாங்க. என் தண்ணி கலங்கினதே இல்ல” என்றது தாம்பாளம்.

“கழுவின காலை எதுக்கண்ணே கழுவணும்?”

“அதெல்லாம் கேக்கப்படாது.”

பெரிய வியாழன் வந்தது. பன்னிரண்டு பேரில் கடைசியாக உட்கார்ந்தவர் சவரிமுத்து. செங்கல் சூளையிலிருந்து நேரே ஓடிவந்த மனிதர், கூச்சத்தில் காலை பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டார். “சாமி, வேலை முடிய நேரமாயிட்டுது. கழுவிட்டு வந்திடுறேனே.”

சாமியார் அந்தக் காலைப் பிடித்துத் தண்ணீர் ஊற்றினார். தாம்பாளம் செம்மண் குட்டையானது.

“பட்டும் படாம ஒத்திட்டு வந்திடு தம்பி” என்று அது கிசுகிசுத்தது.

துண்டும் அப்படித்தான் நினைத்தது. ஆனால் துடைத்ததும் சாமியார் குனிந்து பாதத்தை முத்தமிடுவதை அது பார்த்துக்கொண்டே வந்திருந்தது. நாம் விட்ட மண் அவர் உதட்டுக்குத்தானே போகும்? வெடிப்பு வெடிப்பாக நுழைந்து துடைத்தது.

அந்தக் கறை எந்தச் சோப்புக்கும் போகவில்லை.

மறு வருஷம் வந்த புதுத் துண்டு, “பழைய துண்டு எங்கே அண்ணே?” என்று கேட்டது.

தாம்பாளம் சொன்னது:

“கோயில் வாசல்ல, வர்றவங்க கால் துடைக்கக் கிடக்கான். நமக்கு வருஷத்துல ஒரு நாள். அவனுக்குத் தினமும் பெரிய வியாழன்தான்.”