ஞாயிற்றுக்கிழமைப் பலகை

"கை ஒழியல அம்மணி. டீய மேல அனுப்பீரு" என்றார் கிட்டுசாமி போனில். மொட்டைமாடியில் உப்புத்தாள் தேய்க்கும் சத்தம் போனிலும் கேட்டது, கூரை வழியாகவும் கேட்டது. அவர் பேசி முடிக்கும்வரை அது ஒரு நொடிகூட நிற்கவில்லை.

சித்ரகலா டீயை வடிகட்டினாள். அலைமேல் ஏறி நின்று சறுக்கிப் போகிற ஏழரை அடிப் பலகை ஒன்று, கடலே இல்லாத திருப்பூரில், அவள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உருவாகத் தொடங்கி மூன்று மாதமாகிறது. அதற்கு ஆச்சரியப்படுவதை அவள் முதல் வாரத்திலேயே விட்டுவிட்டாள்.

கணவர் கிட்டுசாமியின் பொழுதுபோக்குகள் எல்லாம் ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டுக்காரரைப் பார்த்து மாறும். ஜெர்மனிக்காரருக்காக சைக்கிள் வந்தது. ஸ்பெயின்காரருக்காகக் குதிரை வந்தது. ஆர்டர் வேறு பக்கம் போனதும் குதிரை வெள்ளகோவிலுக்குப் போனது.

இப்போது ஆஸ்திரேலியா. இரண்டு மாதமாக ஆர்டர் இல்லாமல் அவர்களுடைய பனியன் கம்பெனியில் பாதி மெஷின்களுக்கு உறை மாட்டியாகிவிட்டது. இதுவும் கைவிட்டுப் போனால் தீபாவளிக்குள் ஷட்டரை இறக்க வேண்டியதுதான்.

ஆனால் சைக்கிளும் குதிரையும் வாங்கியவை. பலகை செய்தது. கல்யாணமான இந்த இருபத்தாறு வருஷத்தில் அவர் தன் கையால் செய்த ஒரே பொருள் என்பதால், தலையில் தெர்மாகோல் தூளோடு அவர் படியிறங்கி வரும்போது மட்டும் அவளுக்குள் ஏதோ லேசாக அசையும். பிறகு அடங்கிவிடும்.

ஆஸ்திரேலியக் கம்பெனியின் சென்னை ஆபீஸிலிருந்து பிரிசில்லா வந்திருந்தாள். நேற்று அவளுக்குப் பனியன் கம்பெனியில் ஆடிட். கழுத்தில் ஐ.டி. கார்டும் கையில் ஃபைலுமாக, உங்களை ஒழுங்காக நடத்துகிறார்களா என்று ஒவ்வொரு தொழிலாளியிடமும் தனித்தனியாகக் கேட்டாள்.

இன்று வீட்டுக்கு வந்து பலகையைப் படமெடுக்கிறாள். அவளுக்குப் பிடித்துவிட்டால், பனியனில் தொங்கும் அட்டையில் கிட்டுசாமி பலகையோடு நிற்பார். கீழே, 'தன் கையால் அலையைச் செதுக்கும் முதலாளி' என்று இங்கிலீஷில் இருக்கும். அந்த வாசகத்தை அவரே எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஆடிட்டுக்கு முன்னால் பாடம் நடத்துவது சித்ரகலாவின் பொறுப்பு. காகிதத்தில் அவள்தான் தொழிலாளர் நல அதிகாரி. வெள்ளிக்கிழமை எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, எட்டு வருஷமாகச் சொல்வதையே சொன்னாள்.

"கார்டு மாட்டீட்டு, ஃபைலோட, யாரு எங்க வெச்சு என்ன வேலையப் பத்திக் கேட்டாலுஞ் சரிங்க, அதுக்கு டபுள் சம்பளம் தர்றாங்கன்னு மொதல்ல சொல்லீருங்க. நிமுந்து நின்னு சொல்லோணும்."

டபுள் சம்பளத்தை அந்தக் கம்பெனியில் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. அதுவும் அவளுக்குத் தெரியும். பாடம் சொல்லும்போது அவளுக்கு வாய் மட்டும்தான் அசையும்.

அயர்ன் செக்‌ஷன் இசக்கிமுத்துவுக்குத்தான் பாடம் ஏறவே இல்லை. தூத்துக்குடிப் பக்கத்து ஆள். குடிதண்ணீர் பற்றிக் கேட்டால் வயதைச் சொல்வார். அவரை மட்டும் நான்கு தடவை சொல்ல வைத்தாள்.

அத்தனை பாடுபட்டும் பிரயோஜனமில்லை. நேற்று ஆடிட் நேரத்தில் அவருடைய மேஜை காலியாக இருந்தது. அவரை வேறு வேலையாக அனுப்பியிருப்பதாகக் கிட்டுசாமி சொன்னார். படித்த பாடம் செலவாகாமல் அப்படியே மிஞ்சிவிட்டது.

பதினோரு மணிக்கு, ஞாயிற்றுக்கிழமையும் கழற்றாத ஐ.டி. கார்டோடு பிரிசில்லா மாடியேறினாள். சித்ரகலா டீத்தட்டோடு பின்னால் போனாள். வாராவாரம் தூசி கூட்ட வருகிற இசக்கிமுத்து துடைப்பத்தோடு தொட்டியோரம் ஒதுங்கி நின்றார்.

பலகை அழகாகத்தான் இருந்தது. பிரிசில்லா அதன்மேல் விரலை ஓட்டிப் பார்த்து, கடைகளில் விற்பதுகூட இத்தனை வழவழப்பாக இருக்காது என்றாள்.

கிட்டுசாமி இதற்காகவே தொண்டையைச் செருமிக்கொண்டார். கடல் என்பது வெளியே இல்லை, உள்ளே இருக்கிறது என்று ஆரம்பித்து, தம் நெஞ்சில் அது எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் தொட்டுக் காட்டினார்.

"இதையெல்லாம் ஆள் வெச்சுச் செஞ்சா உசுரு வராதுங்க மேடம். மூணு மாசம், ஒரு ஞாயித்துக்கெழம உடாம, நானே தேச்சனுங்க."

பிரிசில்லா எழுதிக்கொண்டாள். கிட்டுசாமி இல்லாத அலையில் ஏறி நிற்பவர்போலக் கைகளை விரித்துக் காட்ட, ஏழெட்டுப் படம் எடுத்தாள். ஆர்டர் உங்களுக்குத்தான், நாளைக்கே மெயில் வந்துவிடும் என்றாள்.

எண்பது பேருக்கு வேலை நிலைத்தது. சித்ரகலாவுக்கு அதில் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. ஆனால் பலகையையும் கணவரையும் சேர்த்துப் பார்த்தபோது உள்ளே அந்த ஏதோ ஒன்று அசைந்தது. இந்தத் தடவை உடனே அடங்கவும் இல்லை.

ஃபைலைக் கையில் இடுக்கிக்கொண்டு கிளம்பிய பிரிசில்லா, மரியாதைக்கு ஒரு வார்த்தை பேசுகிறவளாக இசக்கிமுத்துவின் பக்கம் திரும்பினாள்.

"லீவு நாள்லகூட வந்துட்டீங்களாண்ணா?"

இசக்கிமுத்து கார்டைப் பார்த்தார். ஃபைலைப் பார்த்தார். துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு, வரிசையில் நிற்பதுபோல நிமிர்ந்து நின்றார்.

இப்போதாவது உளறாமல் சொல்ல வேண்டுமே என்று சித்ரகலாவின் உதடுகள் பழக்கத்தில் தாமாக அசைந்து அவருக்கு எடுத்துக் கொடுத்தன. அவளைப் பார்த்துக்கொண்டே, ஒரு சொல்லும் தடுமாறாமல் அவர் சொன்னார்:

"பலகை தேய்ச்ச மூணு மாசத்துக்கும் எனக்கு டபுள் சம்பளம் தந்துட்டாவ, மேடம்."