திறக்காத ஆய்வேடு

மங்கோலிய அரசிக்கே ஆலோசனை சொன்ன பாத்திமாவைச் சூனியக்காரி என்று பழிசுமத்தி, வாயைத் தைத்து, கம்பளத்தில் சுருட்டி ஆற்றில் வீசினார்கள். அவளைப் பற்றித்தான் மோகனப்பிரியாவின் ஆய்வேடு. ஒப்படைக்க இன்றே கடைசி நாள். சிதம்பரத்தில் இரண்டு கடைகளில் பைண்டிங் போட்டும், திறக்க முடியாதபடி மூன்று ஓரமும் தைத்தே வந்தது. திருப்பாதிரிப்புலியூருக்கு ஓடிவந்து பைண்டிங் கடைக்காரர் காசிநாதனிடம் கொடுத்தாள். அங்கும் அப்படியே.

"அண்ணே, நீங்களும் தச்சிட்டீங்களே! அஞ்சு மணிக்குள்ள குடுக்கலன்னா ஆறு வருஷமும் போச்சு!"

"நாங்க எங்கம்மா தச்சோம்? பசை போட்டு ஒட்டுறதுதான். கடையில ஊசியே இல்ல."

அழுதுகொண்டே பிளேடால் நூலை அறுத்தாள். கடைசித் தையல் விட்டதும், தண்ணீருக்குள் கிடந்தவர் தலைதூக்கி மூச்சிழுக்கும் சத்தம் கேட்டது. ஈரப் பக்கங்கள் மெல்ல ஏறி இறங்கின.