விட்டுப்போன வரி

நியூயார்க்கில் கறுப்பின மக்கள் வாழும் ஹார்லெமின் மாடி அறை ஒன்றில், மேளம் அதிர அதிர, போலீஸைக் கவிதையால் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்த ஓடெல் சட்டென்று திணறினார். அடுத்த வரி வரவில்லை.

வாராவாரம் முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டும் கிளிஃப்டன்தான் எடுத்துக் கொடுத்தான்:

"உன் லத்தி வாசிக்கிற மத்தளம் எங்க முதுகு!"

"அடி சக்கை! மனப்பாடமே பண்ணிட்டான்யா!" என்று கூட்டம் ஆர்ப்பரித்தது.

ஓடெல் கையை உயர்த்தி மேளத்தை நிறுத்தினார்.

"அதே வரிதான் தம்பி. ஒரு எழுத்துகூடப் பிசகல. ஆனா, இந்தக் கவிதையை இன்னிக்குத்தான் முதல் தடவையா வாய்விட்டுச் சொல்றேன்."

கிளிஃப்டனின் சிரிப்பு பாதியில் நின்றது.

"ஜெயில்ல இருக்கற எங்க அண்ணனுக்குப் போன மாசம் லெட்டர்ல மட்டுந்தான் இதை எழுதினேன். அது இன்னும் அவர் கைக்கே போய்ச் சேரலையாம்."