ஒன்பதாம் படுக்கைக்கு ஒரு சாட்சி

மார்ஃபின் குப்பி என் இடது கையில். பதிவேடு தள்ளுவண்டியின் மேல். எதிரே ஒன்பதாம் படுக்கை.

"சாட்சி!" என்று வார்டின் மறுகோடிக்குக் குரல் கொடுத்தேன்.

வேறு எங்காவது இப்படிக் கூப்பிட்டால் ஏதோ அடிதடி என்று ஆட்கள் ஓடி வருவார்கள். எங்கள் வார்டில் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பூட்டி வைக்கிற வலி மருந்தை ஒரு நர்ஸ் தனியாகக் கொடுக்கக் கூடாது. இன்னொரு நர்ஸ் பக்கத்தில் நின்று குப்பியைப் பார்த்து, அளவைப் பார்த்து, ஊசி போடுவதைப் பார்த்து, மிச்சத்தைக் கொட்டுவதையும் பார்த்துவிட்டு, பதிவேட்டில் சாட்சி என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

அதனால் அந்தச் சொல் எங்களுக்குத் தண்ணீர்பட்ட பாடு. எடை பார்க்கும் இயந்திரத்தில் ஒரு கிலோ குறைந்திருந்தால் "சாட்சி!" என்று கத்துவோம். கூடியிருந்தால் சத்தமில்லாமல் இறங்கிவிடுவோம். டாக்டர் என்னைப் பாராட்டினார் என்று யாராவது பீற்றிக்கொண்டால், சாட்சி யார் என்று நாலு பேர் ஒரே குரலில் கேட்போம்.

அக்காவிடம் மட்டும் அந்தச் சொல்லை வைத்து விளையாட முடியாது.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. பதினான்கு வருடமாக என்னோடு இதே வார்டில் வேலை பார்க்கிறவள், என்னைவிட ஆறு வயது மூத்தவள். சேர்ந்த புதிதில் ஒரு நாள், நான் பார்க்காத ஊசிக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உதவி செய்கிறோம் என்ற நினைப்பு. அக்கா என்னைத் தனியே கூப்பிட்டு, நேற்று தன் வீட்டில் என்ன சமையல் என்று கேட்டாள். தெரியாது என்றேன்.

"தெரியாததைத் தெரியாதுன்னு சொல்ல வருதுல்ல? பாக்காததையும் பாக்கலன்னு சொல்லு" என்றாள்.

அன்று அவளை எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

என் கல்யாணம் பதிவு அலுவலகத்தில் நடந்தபோது அவள்தான் சாட்சி. எல்லோரும் போட்டோ எடுக்க வெளியே போகத் துடித்துக்கொண்டிருக்க, அவள் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படிவத்தை முதல் வரியிலிருந்து படித்தாள். மணமகள் என்ற இடத்தில் என் வீட்டுக்காரர் பெயரும், மணமகன் என்ற இடத்தில் என் பெயரும் இருந்தது அவள் கண்ணுக்கு மட்டும்தான் பட்டது. அவர் இன்றைக்கும் அவளைக் கண்டால் எழுந்து நிற்கிறார்.

அவளைத் திட்டாமல் எனக்கு ஒரு நாள் போனதில்லை. அவள் வராத நாளில் எனக்கு வார்டில் கையும் ஓடாது, காலும் ஓடாது.

இப்போதும் அக்கா அங்கேயேதான் இருந்தாள், கைக்கெட்டும் தூரத்தில். இருந்து என்ன பிரயோஜனம்? அவள் இன்று பணியில் இல்லை, அவள் கையெழுத்து செல்லாது. இருந்த இன்னொரு நர்ஸ், சேர்ந்து ஐந்து மாதமே ஆன சுருட்டைமுடிக்காரி. மூன்றாம் படுக்கையில் ஒருவருக்குப் புண்ணைத் திறந்து சுத்தம் செய்துகொண்டிருந்தாள். பாதியில் விட்டுவிட்டு வர முடியாது.

"நீங்க போட்டுடுங்க சிஸ்டர், நான் வந்து கையெழுத்துப் போட்டுடறேன்" என்று அங்கிருந்தே சொன்னாள்.

மருந்து நேரம் மத்தியானம் இரண்டு மணி. கடிகாரத்தில் இரண்டு இருபது. ஒன்பதாம் படுக்கையில் போர்வையை இறுக்கிப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. நெற்றியெல்லாம் வியர்வை. சத்தம் மட்டும் இல்லை.

போட்டுவிட்டால்தான் என்ன என்று முதல்முறையாகத் தோன்றியது. மருந்து எனக்குத் தெரியும். அளவு எனக்குத் தெரியும். குப்பியின் கழுத்தை உடைக்கக் கட்டைவிரலை வைத்துவிட்டேன்.

"அவ வரட்டும்" என்றாள் அக்கா.

எனக்கு வந்ததே கோபம். இந்த வலியிலும் சட்டம் பேச இவளுக்கு எப்படித்தான் மனசு வருகிறதோ. குப்பியிலிருந்து கட்டைவிரலை எடுத்துவிட்டேன். அவளிடம் வாதாடி நான் எப்போது ஜெயித்திருக்கிறேன்.

சுருட்டைமுடிக்காரி கை கழுவிக்கொண்டு வந்து சேர நான்கு நிமிடம் ஆயிற்று. ஓடி வந்தவள், வந்த பிறகு அவசரப்படவில்லை. குப்பியை வெளிச்சத்தில் பிடித்து மருந்தின் பெயரை வாய்விட்டுப் படித்தாள். காலாவதித் தேதியைப் படித்தாள். நான் ஊசியில் ஏற்றிய அளவைக் குனிந்து பார்த்தாள். யாரிடம் வேலை கற்றவள் என்று கேட்கவே வேண்டாம்.

இனி ஒன்றுதான் மிச்சம். ஆள் மாறிவிடக் கூடாது என்பதற்காக, எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும், படுத்திருப்பவர் வாயாலேயே பெயரைச் சொல்ல வைக்க வேண்டும்.

சுருட்டைமுடிக்காரி பேனாவோடு காத்திருந்தாள்.

"உங்க முழுப் பேரைச் சொல்லுங்க" என்று ஒன்பதாம் படுக்கையைக் கேட்டேன்.

அக்கா தன் பெயரைச் சொன்னாள். இனிஷியலோடு, ஓர் எழுத்தைக்கூட விழுங்காமல்.

பிறகு, நான் கேட்க மறந்துவிட்ட பிறந்த தேதியையும் அவளே சொன்னாள்.